கேட்டையிலிருந்து ஏழு விரல்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுச் செல்போன் டவருக்கும் நடுவே வானத்தில் ஒரு துண்டு தெரிகிறது. பெரம்பலூரில் எனக்குக் கிடைத்த வானம் அவ்வளவுதான். மற்ற பக்கமெல்லாம் நாற்கரச் சாலையின் விளக்கு வெளிச்சம். அந்தத் துண்டில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று இருட்டத் தொடங்கியதும் எண்ணுவது என் வழக்கம். போன கார்த்திகையில் இருபத்திரண்டு எண்ணினேன். இந்தக் கார்த்திகையில் ஐந்து. குறைந்தது வானத்தில் அல்ல, என் கண்ணில் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லையாம். வலது கண்ணைப் பற்றிக் கேட்டபோது அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று பேத்தியும் என்னோடு மாடிக்கு வந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய போனை வானத்தை நோக்கிப் பிடித்தால் கிரகங்களின் பெயர் வருகிறது. தரையை நோக்கிப் பிடித்தாலும் வருகிறது, பூமிக்கு அந்தப் பக்கம் இருப்பவையாம். பார்க்க முடியாததை எல்லாம் காட்டும் கருவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் என் வழக்கப்படி எண்ணி முடித்து, "அஞ்சு. சரியான்னு பாத்துச் சொல்லு" என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஆமா தாத்தா, அஞ்சுதான் இருக்கு. ஒரே மேகம்."

மேகம் இல்லை. காற்று வறண்டு கிடந்தது. வானம் மூடியிருந்தால் உடம்புக்குத் தெரியும், அதற்குக் கண் வேண்டாம். தப்புக் கணக்கைத் திருத்தாமல் விடுகிற ஆள் நான் இல்லை. பஸ் கண்டக்டரிலிருந்து ஓட்டு எண்ண வந்த அதிகாரிவரை எல்லோரோடும் சண்டை போட்டவன். நில அளவை வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து, ஒரு கண்ணி பிசகினாலும் சங்கிலியை மறுபடி போடச் சொல்லி எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டவன். ஆனால் நேற்று, "சரி, மேகமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். அப்பாவின் கிணறு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அரியலூருக்குக் கிழக்கே எங்களுக்கு மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும். பெய்யாவிட்டால் முள் முளைக்கும். அடுத்தடுத்து மழை ஏமாற்றியபோது அப்பா கிணறு வெட்டத் தொடங்கினார். பதினாறு முழத்தில் பாறை குறுக்கிட்டது. அப்பா ஜோசியரிடம் போனார். துலாம் ராசி, ஏழரைச் சனியின் கடைசிப் பகுதி, சனி விருச்சிகத்தைத் தாண்டும்வரை பூமியில் கை வைக்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லி அனுப்பினார். வேலை நின்றது. பாதிக் கிணற்றைச் சுற்றி ஆடு விழாமல் அம்மா முள் வெட்டிப் போட்டாள். எனக்கு அப்போது பத்து வயது.

அடுத்த ஆடிக்குள் தண்ணீர் வராவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்குப் போவது என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. வாங்கக் காத்திருந்தவர் அவ்வப்போது வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார். அம்மா அவருக்கு மோர் கொடுப்பாள். அவர் போன பிறகு அந்தச் சொம்பை இரண்டு தடவை விளக்குவாள்.

அம்மாவின் தம்பி அரியலூர் ஸ்டேஷனில் வேலை பார்த்தார். ராத்திரி டூட்டி முடிந்தால் விடியும் முன்பே சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கேலி செய்யாமல் அவருக்கு ஒரு வாய் காபி இறங்காது.

"சனி சனின்னு பயப்படுறீங்களே, அந்த ஆள யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று தை மாதத்தில் ஒரு விடியற்காலையில் கேட்டார்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா என்னைக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தென்கிழக்கே தேள் போல ஒரு கூட்டம் எழுந்து நின்றது. அதன் நெஞ்சில் சிவப்பாக இருப்பது கேட்டை. கேட்டை எனக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா அதை வைத்துத்தான் மணி சொல்வார். வீட்டில் கடிகாரம் கிடையாது. எந்த மாதத்தில் கேட்டை எந்த உயரத்துக்கு வந்தால் விடியும் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. அவர் எழுப்பினால் சொல்லி வைத்தாற்போலக் கோழி கூவும்.

"கேட்டைக்கு எடப்பக்கம் கீழ பாரு மாப்ள. மங்கலா மஞ்சளா ஒண்ணு. மத்ததெல்லாம் கண்ணச் சிமிட்டுது, அது மட்டும் சிமிட்டாம மொறைக்குது பாரு. அவன்தான் உங்கப்பனோட ஆளு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எங்கள் வீட்டையே படுத்தி எடுக்கிறவன் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருப்பான் என்று நினைத்திருந்தேன்.

அவன் நகர்வானா என்று கேட்டேன். கேட்டையை விட்டு விலகி விலகிக் கிழக்கே போவான் என்றார் மாமா. அன்றே நான் அளக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, விரல்களைச் சேர்த்து நகர்த்தி நகர்த்தி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டையிலிருந்து சனிவரை எத்தனை விரல் என்று எண்ணுவது. அன்று ஆறு விரல். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். சனிக்குச் சற்று அப்பால், ஏழாவது விரல் விழும் இடத்தில், பொடியாக ஒரு நட்சத்திரம் இருந்தது. அதை மாமாவால்கூடப் பார்க்க முடியவில்லை. "எங்கடா இருக்கு? ஒனக்குப் பூச்சி பறக்குது" என்றார். அதிலிருந்து அந்தப் பொடி நட்சத்திரம் எனக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது. மாமா அதை அதோடு மறந்துவிட்டார். நான் அதைப் பற்றி வேறு யாரிடமும் பேசவில்லை.

சனி ஆறு விரலில் இருக்கிறது என்பதை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கோயிலில் சனி பகவானை நேருக்கு நேர் நின்று கும்பிடக் கூடாது, பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கல்லுச் சிலைக்கே அப்படியென்றால் வானத்தில் இருக்கும் நிஜமான ஆளுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அப்பா நினைத்துவிட்டார். அன்றிலிருந்து விடியற்காலையில் களத்தைக் கடக்கும்போது கழுத்தை வடக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். இருட்டில் ஒருநாள் ஏர்க்காலில் இடித்துக்கொண்டார்.

"மச்சானுக்குக் கழுத்து சுளுக்கா?" என்று மாமா கேட்டார்.

"ஒனக்கு நேரம் நல்லாருக்கு, நீ பாக்கலாம்" என்றார் அப்பா.

அப்பா பார்க்கக் கூடாது என்பதால் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. தினமும் கேட்க மாட்டார். ஏர் கட்டும்போதோ, வாய் கொப்பளிக்கும்போதோ, பேச்சோடு பேச்சாக "எத்தன வெரலு தம்பி?" என்பார். ஏழு என்று சொன்ன அன்று அம்மா சிறுவாச்சூர் காளிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மாசியில் எட்டு ஆனது. சனி விருச்சிகத்தைத் தாண்டிவிட்டான் என்று ஜோசியரும் சொன்னார். அப்பா எங்கள் கறவை மாட்டை விற்று, நின்றுபோன கிணற்று வேலையை மறுபடி தொடங்கினார்.

ஆறு ஆட்களும் ஒரு மேஸ்திரியும் வந்தார்கள். பாறையில் உளியால் துளை போட்டு மருந்து கிட்டித்து வெடி வைத்தார்கள். பாறை கருங்கல் அல்ல, வெளிறிய சுண்ணாம்புக் கல். அதை உடைத்துக் கூடையில் மேலே தூக்கிக் கரையில் கொட்டினார்கள். கல்லோடு கல்லாக நத்தைகள் வந்தன. சுருள் சுருளாக, உள்ளங்கை அகலத்தில், முழுக்கக் கல்லாகிப்போன நத்தைகள். நான் நாற்பத்து மூன்று எடுத்து வரிசையாக அடுக்கினேன்.

அப்பா ஒன்றைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"நத்த ஊருன எடத்துல தண்ணி இல்லாம இருக்குமா?"

"அது எந்தக் காலத்துத் தண்ணியோ" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி சொன்னது சரி. பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு கடல் இருந்திருக்கிறது. மனிதன் என்ற ஒன்று உண்டாவதற்கு வெகுகாலம் முன்பே அது வற்றிப்போயிருக்கிறது. அப்பா அந்தக் கடலை நம்பித்தான் பங்குனி முழுக்கப் பாறையை உடைத்தார்.

பங்குனியில் ஒன்பது விரல். சித்திரையிலும் ஒன்பது. நான் கையை மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தேன், நகரவில்லை. "களைச்சுப் போயி உக்காந்துட்டான்" என்றார் மாமா. அதற்குள் கிணறு இருபத்தேழு முழம் இறங்கிவிட்டது. பாறை முடியவில்லை. மேஸ்திரி பொறுமையிழந்து, "மேல என்னங்க பாக்குறீங்க அப்பனும் புள்ளையும்? தண்ணி கீழதாங்க இருக்கு" என்று கத்துவார். ஆட்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்தார்.

வைகாசியில் ஒருநாள் வடம் அறுந்து கல் நிறைந்த கூடை உள்ளே விழுந்தது. கீழே நின்ற ஆளின் தோளை உரசிக்கொண்டு போயிற்று. மீசை முளைக்காத பையன். அவன் எழுந்து தோளைத் தேய்த்துக்கொண்டு, மேலே பார்த்து, "உசுரோடதான் இருக்கேன்" என்று சிரித்தான். அப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் நான் எட்டு விரல் என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் ஜோசியரிடம் போய்வந்தார். அது வக்கிரம், சனி பின்னோக்கி வருகிறான், விருச்சிகத்துக்குள் திரும்ப நுழைந்தால் முன்பு இருந்ததைவிட மோசம், அந்த நேரத்தில் பூமியைக் குடைந்தால் ஓர் ஆளைக் கேட்பான் என்று சொல்லியிருக்கிறார்.

மாமா முதல்முறையாகக் கேலியை விட்டுவிட்டுப் பேசினார். "அவன் எங்கயும் திரும்பல மச்சான். நம்ம ரயிலு வேகமாப் போறப்ப பக்கத்துத் தண்டவாளத்துல மெதுவாப் போற ரயிலு பின்னால போற மாதிரி தெரியுமில்ல? அது மாதிரிதான். அவனும் முன்னாலதான் போயிட்டிருக்கான்."

அப்பா யோசித்தார். "நான் நம்ம ரயில்ல இல்லடா. தண்டவாளத்துல நிக்கிறேன்" என்றார்.

இன்னும் உள்ளே நுழையவில்லை, எட்டு விரல் இருக்கும்வரை வேலை நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனி பிறந்தது. இப்போது கேட்டை விடியற்காலையில் மறைந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தென்கிழக்கில் தெரிந்தது. அளப்பதற்கு விடியலில் எழ வேண்டியதில்லை என்று எனக்குச் சந்தோஷம். ஒரு நாள் வேலை நீண்டு, இருட்டிய பிறகுதான் மேஸ்திரி கிணற்றிலிருந்து ஏறி வந்தார். கையில் உளி. அதன் நுனியை அப்பாவின் புறங்கையில் வைத்தார்.

"ஜில்லுனு இருக்குதுங்களா? கடைசியாப் போட்ட தொளையெல்லாம் ஈரம். காலைல ஒரு வெடி போட்டா தெரிஞ்சிரும். போடட்டுங்களா?"

அப்பா உளியைப் பார்த்தார். துளையில் மருந்து கிட்டிக்க உள்ளே இறங்கப் போகிறவன் அந்தப் பையன்தான். அவன் கொஞ்சம் தள்ளி நின்று கால் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா அடுப்பை விட்டு வெளியே வந்து நின்றாள். மாமா அன்று டூட்டிக்குப் போகாமல் இருந்தார். எல்லோரும் அப்பாவின் வாயைப் பார்க்க, அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எத்தன வெரலு தம்பி?"

நான் கையை நீட்டி, கண்ணை மூடி, எண்ணினேன். "ஏழு."

"சரியா எண்ணு."

மறுபடியும் எண்ணினேன். ஏழு. மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கால் கட்டைவிரல் என் கால் மேல் ஏறியது. "நல்லாப் பாரு மாப்ள. எனக்கு என்னமோ ஒம்பது இருக்கும்னு தோணுது" என்றார்.

"இல்ல மாமா, ஏழுதான். காலை எடுங்க."

மாமா தன் கையை நீட்டினார். முழங்கையை மடக்கிக்கொண்டு, விரல்களை வானத்தில் தடவி, "எனக்கு ஒம்பது வருதே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலிலிருந்து என் கையால்தானே அளந்தோம், நடுவில் கையை மாற்றினால் கணக்கு எப்படிச் சரியாக வரும், அதுவும் முழங்கையை மடக்கிக்கொண்டு. இதையெல்லாம் எல்லோர் முன்னாலும் மாமாவுக்கு விளக்கினேன். அந்தப் பையன் சிரித்தான். மேஸ்திரி, "கலெக்டரா வருவீங்க" என்றார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலையை வடக்கே திருப்பியபடியே, மெதுவாக, இன்னொரு தடவை கேட்டார்.

"அந்தப் பொடிசு கிட்ட வந்துட்டானா, இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கிறானா? நல்லாப் பாத்துச் சொல்லு சாமி."

"பக்கத்துலயே வந்துட்டான்பா. ஒட்டிக்கிட்டு இருக்கான்" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். காலையில் வெடி வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி உளியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அம்மா உள்ளே போனாள்.

ஆடியில் நிலம் கைமாறியது. அரியலூரில் பருத்தி மண்டியில் அப்பா மூட்டை தூக்கினார். தூக்கித் தூக்கிக் கழுத்து குனிந்தபடியே நின்றுவிட்டது. சாகும்வரை அவர் வானத்தை அண்ணாந்து பார்த்து நான் பார்க்கவில்லை, மூட்டை விடவில்லை. வாங்கியவர் எதையும் தோண்டாமல் வைத்திருந்து பிள்ளைகளுக்கு விட்டுப் போனார். பிள்ளைகள் சிமெண்டு ஆலைக்குக் கொடுத்தார்கள். அப்பா காசு கொடுத்து உடைத்துக் கரையில் கொட்டிய அந்த வெளிறிய கல்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். எங்கள் நிலம், அடுத்த நிலம், அதற்கடுத்தது எல்லாம் சேர்ந்து ஒரே குழி. அடியில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. கல் எடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று மோட்டார் வைத்து அதை வாய்க்காலுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். இரவும் பகலும் ஓடுகிறது என்றார் காவலாளி.

என் கணக்கு தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தையிலிருந்து ஆனிக்குள் ஒரு சிறுவனின் விரல் தடித்திருக்குமோ, அதனால் ஒரு விரல் குறைந்துவிட்டதோ என்றுகூடப் பல வருடம் கழித்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். விரல் வளர்ந்தால் கையும் நீளும், இரண்டும் கழிந்துவிடும். ஏழு என்றால் ஏழுதான்.

ஆனால் அன்று ராத்திரி நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது தாங்க முடியவில்லை. அப்பா மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் நான் மாறாமல் சொன்னேன், மாமா குழப்பியும் குழம்பவில்லை என்ற பெருமையோடு படுத்தேன். கேட்டையை வைத்து மணி சொல்லும் மனிதருக்கு அதன் பக்கத்தில் புதிதாக வந்த ஒன்றைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று யோசிக்க எனக்கு அன்று தோன்றவில்லை. அந்தப் பொடி நட்சத்திரத்தைப் பற்றி நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதும் ஞாபகம் வரவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் களத்தில் தனியாக நின்று, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு அவர் எத்தனை விடியலில் அதைப் பார்த்தாரோ. எத்தனை விரல் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தெரிந்ததை ஏன் மூன்று தடவை கேட்டார் என்று கையை நீட்டி நின்ற அந்தப் பத்து வயதுப் பையன் யோசிக்கவே இல்லை. என் எண்ணிக்கையில் அப்பாவுக்குச் சந்தேகம் என்றுதான் நினைத்தான்.